யார் வேலையை யார் செய்வது: யூனிக்ஸ் குடும்பத்தில் ஒன்றைத் தேர்வது பற்றி

லினக்ஸ் கணினியில் 'எல்எஸ்' என்று தட்டி, ஒரு கோப்புறையின் பெயரைக் கொடுத்து, கடைசியில் 'ஹைஃபன் எல்' சேர்த்தால், உள்ளே இருப்பவை எல்லாம் அளவு, தேதி, உரிமையாளர் விவரங்களோடு வரிசையாக வந்து விழும். அதையே அட்சரம் பிசகாமல் ஓபன்பிஎஸ்டி கணினியில் தட்டினால், 'ஹைஃபன் எல்' என்ற பெயரில் கோப்பு எதுவும் இல்லை என்று முறைத்துக்கொள்ளும். குறிகள் முன்னால், பெயர்கள் பின்னால் என்பது பழைய விதி. குனு திட்டத்தினர் எழுதிய கருவிகள் அந்த விதியைத் தளர்த்தி, குறி எங்கே கிடந்தாலும் பொறுக்கி எடுத்துக்கொள்கின்றன. பிஎஸ்டி வழிவந்த கருவிகள் விதியை விட்டுக்கொடுக்கவில்லை. ஓடும் செயல்களைப் பார்க்கும் 'பிஎஸ்' கட்டளையும் இப்படித்தான். 'ஹைஃபன் ஈஎஃப்' என்று தட்டுகிறவர் சிஸ்டம் ஃபைவ் பள்ளியில் படித்தவர். ஹைஃபன் இல்லாமல் 'ஏயூஎக்ஸ்' என்று தட்டுகிறவர் பெர்க்லி பள்ளிக்காரர். விரலைப் பார்த்தே பூர்விகத்தைச் சொல்லிவிடலாம்.

இந்த அற்ப வித்தியாசத்துக்காக ஒருவர் இயங்குதளத்தையே மாற்றுவாரா என்றால், மாற்றுகிறார்கள். யூனிக்ஸ் குடும்பத்து இயங்குதளங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவோ நெருக்கமானவை. 1988-இல் வந்த பாசிக்ஸ் தரமும், 1992-இல் அதில் சேர்ந்த கட்டளைகளுக்கான பகுதியும் பொதுவான தளத்தை அமைத்துத் தந்துவிட்டன. ஃபயர்ஃபாக்ஸ், போஸ்ட்கிரெஸ், பைத்தான், விம் என்று அன்றாடம் புழங்கும் மென்பொருள்கள் எல்லாவற்றிலும் ஒன்றே. அப்படியிருந்தும் டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் பயன்படுத்துபவரை ஆர்ச் என்ற இன்னொரு வகைக்கு இழுக்க முடிவதில்லை; ஃப்ரீபிஎஸ்டிகாரர் லினக்ஸைப் பற்றிப் பேசும்போது உதட்டைச் சுழிக்கிறார். வித்தியாசம் குறையக் குறையப் பிடிவாதம் கூடுகிறது. ஏன்?

கேட்டால் எல்லோரிடமும் தயாரான பதில் இருக்கிறது. பாதுகாப்பு, நிலைத்தன்மை, எளிமை, சுதந்திரம். இந்த நான்கு சொற்களையும் எல்லாத் தரப்பும் சொல்கிறது என்பதுதான் சிக்கல். ஸ்லாக்வேர்காரர் சொல்லும் எளிமை, உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிகிற எளிமை. உபுண்டுகாரர் சொல்லும் எளிமை, உள்ளே பார்க்கவே தேவையில்லாத எளிமை. டெபியனின் 'நிலையான' என்பது மென்பொருள் பதிப்பு மாறாது என்ற பொருளில் வருகிறது. பாதிப் பேர் அதைச் 'செயலிழக்காது' என்று புரிந்துகொள்கிறார்கள். இந்தச் சொற்களை அளவுகோலாக வைத்தால் விவாதம் செக்குமாடாகச் சுற்றும்.

இவற்றுக்குப் பதிலாக நான் கேட்டுப் பார்க்கும் கேள்வி ஒன்று உண்டு. கணினியைச் சீராக வைத்திருக்க ஒரு குறிப்பிட்ட அளவு வேலை இருந்தே தீரும். அதில் எவ்வளவை உருவாக்குபவர் செய்கிறார், எவ்வளவை நம் தலையில் கட்டுகிறார், அதை எப்போது கேட்கிறார்? இயங்குதளங்கள் மெய்யாகவே வேறுபடுவது இந்த வேலைப் பங்கீட்டில்தான். நம்முடைய விருப்பம் என்று நாம் நினைப்பது, எந்த வேலை நமக்குச் சலிப்பூட்டாது என்பதைப் பற்றியது.

இந்தப் பங்கீடு யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்ததல்ல. 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கியபோது, அவர்களுடைய தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி அதை விற்கவே முடியாத நிலையில் இருந்தது. 1956-ஆம் ஆண்டு நீதிமன்ற உடன்பாடு, தொலைபேசி தவிர்த்த தொழிலில் இறங்கக்கூடாது என்று அதைக் கட்டிப்போட்டிருந்தது. எனவே யூனிக்ஸ் மூலநிரலோடு சேர்த்துப் பல்கலைக்கழகங்களுக்குச் சொற்பத் தொகைக்குப் போயிற்று. பிழை வந்தால் கேட்க ஆளில்லை. வாங்கியவர்களே திருத்திக்கொண்டு, திருத்தத்தை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பில் ஜாயும் மற்றவர்களும் அப்படிச் சேர்த்துக் கட்டியதுதான் பிஎஸ்டி. 1983-இல் வந்த அதன் 4.2 பதிப்பு இணையத்துக்கான டிசிபி/ஐபி நெறிமுறைகளைப் பரவலாகக் கொண்டுபோனது.

பிறகு வழக்கு வந்தது. ஏடி அண்ட் டி-யின் யூனிக்ஸ் பிரிவு 1992-இல் பிஎஸ்டி விற்ற நிறுவனத்தின் மீதும், தொடர்ந்து பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தது. 1994-இல் சமரசம் ஆனபோது சுமார் 18,000 கோப்புகளில் நீக்கச் சொன்னவை மூன்றே மூன்று. ஆனால் அந்த இரண்டு ஆண்டு இழுபறியில், 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அறிவித்திருந்த சின்னக் கெர்னல் ஊரெல்லாம் பரவிவிட்டது. 386 சில்லுக்கான பிஎஸ்டி தாம் தொடங்கிய சமயத்தில் கிடைத்திருந்தால் லினக்ஸே பிறந்திருக்காது என்ற பொருளில் அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். தொழில்நுட்ப மேன்மையைக் காட்டி லினக்ஸின் வெற்றியை விளக்குபவர்கள் இந்த வழக்கை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

பிஎஸ்டி பக்கத்தில் கெர்னல், கட்டளைகள், கையேடு எல்லாம் ஒரே மூலநிரல் மரத்தில், ஒரே குழுவின் கையில் இருக்கின்றன. லினக்ஸ் என்பது கெர்னல் மட்டும். குனுவிலிருந்து கருவிகள், வேறெங்கிருந்தோ திரைமேசை, இன்னோரிடத்திலிருந்து எழுத்துருக்கள் என்று பொறுக்கிச் சேர்த்து ஒரு முழு இயங்குதளமாக்குபவர்கள்தான் டிஸ்ட்ரோக்காரர்கள். பிஎஸ்டி ஒரே கை சமைத்த சாப்பாடு. லினக்ஸ் டிஸ்ட்ரோ பல வீட்டுப் பாத்திரங்கள் வந்து சேர்ந்த பந்தி. இரண்டிலும் நன்றாகச் சாப்பிடலாம். உப்பு அதிகமானால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதில்தான் வித்தியாசம்.

ஃப்ரீபிஎஸ்டியை விரும்புபவர்கள் சொல்லும் காரணங்களில் எனக்கு மிக உண்மையாகப் படுவது கோப்புறை ஒழுங்கு. அடிப்படை அமைப்போடு வந்தவை ஓரிடம். நாமாகச் சேர்த்த மென்பொருள் அனைத்தும், அதன் அமைப்புக் கோப்புகள் உட்பட, 'யூஎஸ்ஆர் லோக்கல்' கோப்புறைக்குள். வெளியிலிருந்து வந்த அத்தனையையும் ஒரே கட்டளையில் நீக்கிவிட்டாலும் கணினி பூட் ஆகும், உள்நுழையலாம், வலையோடு பேசலாம். லினக்ஸில் இந்தக் கோடு கிடையாது. எல்லாமே தொகுப்பு, எல்லாமே சமம். சர்வரைப் பல ஆண்டுகள் ஓட்டுபவருக்கு இந்தக் கோடு பெரிய நிம்மதி. 2000-இல் வந்த 'ஜெயில்' வசதியும், சன் நிறுவனத்தின் சோலாரிஸிலிருந்து 2008-இல் கொண்டுவந்த இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையும் இதோடு நன்றாகப் பொருந்திவிட்டன. இசட்எஃப்எஸ்-இன் உரிமமும் லினக்ஸின் ஜிபிஎல் உரிமமும் ஒத்துவராததால், லினக்ஸ் பக்கத்தில் அது இன்றும் வெளித்திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறது. 2016-இல் உபுண்டு துணிந்து உள்ளே அழைத்தபோதே சட்டச் சண்டை கிளம்பியது. நெட்ஃபிளிக்ஸ் படங்களை அனுப்பும் சர்வர்கள் ஃப்ரீபிஎஸ்டியில் ஓடுகின்றன என்பதை அதன் ஆதரவாளர்கள் சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நெட்ஃபிளிக்ஸுக்குக் கெர்னல் நிரலர்கள் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். நமக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே இருக்கிறது.

ஓபன்பிஎஸ்டி இன்னும் கறார். நெட்பிஎஸ்டி குழுவிலிருந்து வெளியேற்றப்பட்ட தியோ டி ராட் 1995-இல் தொடங்கியது. ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு. கடைசி இரண்டு வெளியீடுகளுக்கு மட்டுமே ஆதரவு. அதாவது ஆண்டுக்கு ஒருமுறையாவது நீங்கள் மாறியே ஆக வேண்டும். மாறும் வேலை ஒரே கட்டளையில் முடிந்துவிடுகிறது என்பதால் அது சுமையாகத் தெரிவதில்லை. இந்தத் திட்டத்தின் குணத்தைச் சேர்த்தவற்றைவிட நீக்கியவற்றில் பார்க்கலாம். பராமரிக்கத் தகுதியில்லை என்று 2014-இல் புளூடூத் ஆதரவைத் தூக்கி எறிந்தார்கள். அடுத்த ஆண்டு 'சூடோ' கட்டளையை அடிப்படை அமைப்பிலிருந்து விலக்கி, சிறியதான 'டூஆஸ்' ஒன்றை எழுதிக்கொண்டார்கள். 2018-இல் ஹைப்பர்திரெடிங்கை இயல்பாகவே அணைத்துவிட்டார்கள். கையேட்டில் பிழை இருந்தால் நிரலில் உள்ள பிழை போலவே நடத்துகிறார்கள். உலகமே தொலைவிலுள்ள சர்வர்களுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஓபன்எஸ்எஸ்எச் இவர்கள் 1999-இல் தந்த கொடை.

அந்தக் கறாருக்கு ஒரு விலையும் இருக்கிறது. அவர்களுடைய கோப்பு முறைமையில் ஜர்னல் கிடையாது. மின்சாரம் திடீரென்று போனால், அடுத்த பூட்டில் வட்டு முழுவதையும் சரிபார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். சில சமயம் முனையத்தில் நின்று நம்மிடம் கேள்வி கேட்கும். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில், கோடைக்கால மின்வெட்டு ஊரில், இது சும்மா கோட்பாட்டுக் குறை அல்ல.

லினக்ஸ் பக்கம் வந்தால் வயதில் மூத்தது ஸ்லாக்வேர். பாட்ரிக் வோல்கர்டிங் 1993 ஜூலையில் தொடங்கி இன்றும் அவரே நடத்துகிறார். ஒரு தொகுப்புக்கு வேறெந்தத் தொகுப்புகள் வேண்டும் என்று அது பார்த்துத் தராது. அது உங்கள் வேலை. அடுத்த மாதமே இயன் மர்டாக் டெபியனைத் தொடங்கினார். அது நேர் எதிர்க் கோடி: அரசியல் சாசனம், ஆண்டுதோறும் தலைவர் தேர்தல், 1997-இல் எழுதிய சமூக ஒப்பந்தம், ஆயிரம் பேர் அளவிலான தன்னார்வலர்கள். ஒவ்வொரு மென்பொருளையும் எடுத்து, தங்கள் கொள்கைக்கு ஏற்பத் திருத்தி, ஒன்றோடொன்று பொருந்தவைத்துத் தருகிறார்கள். நாம் செய்ய வேண்டிய வேலையை முடிந்தமட்டும் அவர்களே செய்துவிடுகிறார்கள்.

அப்படிப் பிறர் நமக்காகத் திருத்துவது நல்லதா? இந்தத் தேர்வில் மிக ஆழமான கேள்வி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பலர் இதைக் கேட்பதே இல்லை. 2006-இல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் தொகுப்பில், நினைவகச் சோதனைக் கருவி எச்சரித்தது என்பதற்காக நிரலில் சில வரிகள் நீக்கப்பட்டன. அந்த வரிகள்தாம் சாவிகளுக்கான தற்செயல் எண்களை ஊட்டிக்கொண்டிருந்தவை. மிஞ்சியது செயலின் அடையாள எண் மட்டும். விளைவாக, ஒரு வகைக்கும் அளவுக்கும் சுமார் 32,000 சாவிகளுக்கு மேல் உருவாக வழியில்லாமல் போயிற்று. எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். 2008 மே மாதம்தான் இது தெரியவந்தது. டெபியனும் அதிலிருந்து பிறந்த உபுண்டுவும் பயன்படுத்திய அத்தனை பேரும் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. மென்பொருளை எழுதியவர் தந்தபடியே தரும் ஸ்லாக்வேர் போன்றவற்றில் இந்தப் பிழை இல்லவே இல்லை.

2024 மார்ச்சில் இன்னொன்று. போஸ்ட்கிரெஸ் நிரலரான ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், டெபியனின் 'நிலையற்ற' பதிப்பில் தம் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். துருவிக்கொண்டே போனவர் கண்டது, எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளுக்குள் ஒளித்துவைக்கப்பட்ட கள்ளக்கதவு. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் நல்லபிள்ளையாக உழைத்து நம்பிக்கை சம்பாதித்த ஒரு புனைபெயர்க்காரர் நட்டுவைத்தது. ஓபன்எஸ்எஸ்எச்சுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. பூட் ஆகும்போது சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்வதற்காக டெபியன், ஃபெடோரா போன்றவை ஓபன்எஸ்எஸ்எச்சில் ஒட்டுப் போட்டிருந்தன. அந்த ஒட்டு வழியாக சிஸ்டம்டி நூலகம், அதன் வழியாக எக்ஸ்இசட் உள்ளே வந்தது. அந்த ஒட்டைப் போடாத ஆர்ச், கெட்டுப்போன பதிப்பையே விநியோகித்திருந்தும், எஸ்எஸ்எச் வழித் தாக்குதலுக்கு ஆளாகவில்லை. டெபியனின் நிலையான பதிப்பும் தப்பியது. காரணம் வேறு, அதில் இருந்தது பழைய எக்ஸ்இசட்.

பழையதே பாதுகாப்பு என்று இதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். அதே ஆண்டு ஜூலையில் குவாலிஸ் நிறுவனம் ஓபன்எஸ்எஸ்எச்சிலேயே ஒரு ஓட்டையை வெளியிட்டது. எட்டு புள்ளி ஐந்தாம் பதிப்பு முதல் ஒன்பது புள்ளி ஏழு வரை, ஜிலிப்சி நூலகத்தோடு ஓடும் லினக்ஸ்களில் ஆபத்து. டெபியன் 12 சிக்கியது. அதற்கும் முந்தைய டெபியன் 11 தப்பியது. ஓபன்பிஎஸ்டி, 2001-லேயே பதிவு எழுதும் பகுதியை வேறுவிதமாக எழுதியிருந்ததால், தொடப்படவே இல்லை. 'பாதுகாப்பு' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இந்த மூன்று நிகழ்வுகளுக்கும் பொதுவாக ஒரு வெற்றியாளரை அறிவிக்க முடியாது. ஆனால் ஒட்டுகள் குறைவாகப் போடுகிறவர் பக்கம் என் தராசு கொஞ்சம் சாய்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வேலையை எப்போது கேட்கிறது என்பதில் ஆர்ச் தனி ரகம். 2002-இல் ஜட் வினெட் தொடங்கிய அதில் பதிப்பு எண்ணே கிடையாது. தொகுப்புகள் நாள்தோறும் புதிதாகிக்கொண்டே இருக்கும். டெபியன்காரர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி மொத்தமாகப் படும் பாட்டை, ஆர்ச்காரர் வாரத்துக்குக் கொஞ்சமாகத் தவணையில் படுகிறார். 2012, 2013-இல் அடிப்படைக் கோப்புறைகளையே இடம் மாற்றியபோது, அறிவிப்பைப் படிக்காமல் அப்டேட் கொடுத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். இருந்தும் ஆர்ச்சின் விக்கி, எல்லா டிஸ்ட்ரோக்காரர்களும் திருட்டுத்தனமாகப் போய்ப் படிக்கும் கையேடாகிவிட்டது. ஜென்டூவில் ஒவ்வொன்றையும் நாமே தொகுத்து உருவாக்க வேண்டும் என்பது பழைய பெருமை. 2023 டிசம்பரில் அவர்களும் ஆயத்தத் தொகுப்புகளைத் தரத் தொடங்கிவிட்டார்கள். நிக்ஸ்ஓஎஸ்ஸில் முழுக் கணினியையும் ஒரு கோப்பில் எழுதிவைக்கிறோம்; கெட்டுப்போனால் பூட் பட்டியலில் முந்தைய நிலையைத் தேர்ந்து திரும்பிவிடலாம். எல்லா வலியும் முதல் மாதத்திலேயே. அந்த மொழியைக் கற்கும் பொறுமை எனக்கு இல்லை. கற்றவர்கள் திரும்பி வந்ததையும் நான் பார்த்ததில்லை.

சிஸ்டம்டிச் சண்டையைத் தொடாமல் இந்தப் பரப்பைக் கடக்க முடியாது. 2010-இல் லெனார்ட் பாட்டரிங்கும் கே சீவர்ஸும் எழுதிய இது, கணினி பூட் ஆகும்போது சேவைகளைத் தொடங்கிவைப்பதில் ஆரம்பித்து, பதிவுகள், உள்நுழைவு, வலைப்பெயர் என்று ஒவ்வொன்றாகத் தன் கைக்குள் கொண்டுவந்தது. டெபியனின் தொழில்நுட்பக் குழு 2014 பிப்ரவரியில் வாக்களித்தபோது சரிபாதியாகப் பிரிந்து, தலைவரின் தீர்மான வாக்கில்தான் முடிவானது. மனம் கசந்தவர்கள் பிரிந்துபோய் டெவுவான் தொடங்கினார்கள். பத்து ஆண்டுகள் கழித்துப் பார்க்கையில், பழைய ஷெல் ஸ்கிரிப்டுகளைவிட சிஸ்டம்டியின் சேவைக் கோப்பு எழுதவும் படிக்கவும் சுலபம் என்பதை எதிர்ப்பாளர்களில் பலரே ஒப்புக்கொள்கிறார்கள். பதிவுகளை எளிய உரைக் கோப்பாக வைக்காமல் பைனரியில் வைத்தது ஏன் என்பதற்கு மட்டும் எனக்கு இன்னும் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. கோபம் தொழில்நுட்பத்தைப் பற்றியதாகவே இருந்தது என்றும் நான் நம்பவில்லை. தனக்குப் பழகிய வேலையைத் தன்னைக் கேட்காமல் வேறொருவர் எடுத்துக்கொண்டார் என்ற மனத்தாங்கல் அதில் பாதி.

கேட்காமல் எடுத்துக்கொள்வதில் நிறுவனங்களை யாரும் மிஞ்ச முடியாது. சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆதரவு என்று நம்பி சர்வர்களை மாற்றியவர்களிடம், 2020 டிசம்பரில் அதை நடத்திய ரெட் ஹாட் நிறுவனம் வந்து, 2021 முடிவோடு சரி என்றது. ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் இரண்டும் அந்தக் கொதிப்பில் பிறந்தவை. அதற்குப் பத்து ஆண்டு முன்னால் சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிள், ஓபன்சோலாரிஸின் கதவைச் சாத்தியது. வெளியே நின்றவர்கள் இல்லுமோஸ் என்று கிளைபிரித்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. மென்பொருளின் உரிமத்தை மட்டும் பார்த்தால் போதாது, முடிவெடுக்கும் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்பதை இந்த இரண்டும் காட்டிவிட்டன. என்னைப் பொறுத்தவரை சர்வருக்கு டெபியனைத் தேர்வதில் இதுவே முதல் காரணம். அதை விற்க யாராலும் முடியாது.

மேக்ஓஎஸ் இந்தக் கணக்கில் வினோதமான உறுப்பினர். நெக்ஸ்ட் நிறுவனத்தின் வழியாக வந்த மாக் கெர்னல், பிஎஸ்டி கருவிகள். 2007-இல் வந்த லெப்பர்ட் பதிப்பு முதல் முறையான யூனிக்ஸ் சான்றிதழ். சான்றிதழ்ப்படி பார்த்தால் மேசைக் கணினி உலகில் அசல் யூனிக்ஸ் என்று நெஞ்சை நிமிர்த்த அதற்குத்தான் உரிமை; லினக்ஸ்களும் பிஎஸ்டிகளும் வெறும் சாயல்கள். ஆனால் அதோடு வரும் பாஷ் ஷெல் 2006-இல் வெளியான 3.2 வரிசையிலேயே நின்றுவிட்டது. அடுத்த பதிப்பிலிருந்து ஜிபிஎல்லின் மூன்றாம் பதிப்பு வந்துவிட்டதால் ஆப்பிள் அதைத் தொடவில்லை. 2019-இல் இயல்பு ஷெல்லை இசட்ஷெல்லாக மாற்றிவிட்டது. அங்கே பராமரிப்பு வேலை ஏறக்குறைய முழுவதும் ஆப்பிளுடையது, முடிவும் ஆப்பிளுடையதே.

இத்தனை அலசலையும் ஓரம்கட்டிவிட்டுப் பார்த்தால், பலருடைய தேர்வு கையில் முதலில் வந்து விழுந்ததைப் பொறுத்தே அமைந்தது. இந்தியாவில் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பிசிக்வெஸ்ட் இதழோடு வந்த குறுவட்டில் லினக்ஸைப் பார்த்த தலைமுறை ஒன்று. 2011 வரை கேட்டவர் வீட்டுக்கெல்லாம் உபுண்டு தபாலில் இலவசமாக அனுப்பிய குறுவட்டுகளில் பார்த்த தலைமுறை இன்னொன்று. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. சென்னை சிடாக் டெபியனிலிருந்து உருவாக்கியது அது. பள்ளிப் பாடத்தோடு அதை இணைக்காததால், பிள்ளைகள் பூட் பட்டியலில் அதைத் தாண்டிப் போகப் பழகிக்கொண்டார்கள் என்பது நான் கண்ட அளவில். கேரளத்தில் பாடமும் ஆசிரியர் பயிற்சியும் லினக்ஸிலேயே அமைந்ததால் கதை வேறாக இருக்கிறது. அருகில் கேட்டால் சொல்ல ஆள் இருப்பது எந்தத் தொழில்நுட்பச் சிறப்பையும் தோற்கடித்துவிடும். சென்னை லினக்ஸ் பயனர் குழுவினரும், 'கணியம்' மின்னிதழ்க்காரர்களும் இங்கே செய்தது அந்த ஆளாக இருந்ததுதான்.

தமிழில் எழுதுபவருக்குத் தனியாக ஒரு சோதனை இருக்கிறது. வரைகலைத் திரையில் இன்று எங்கும் குறையில்லை. லினக்ஸும் பிஎஸ்டிகளும் ஹார்ஃப்பஸ் நூலகத்தால் எழுத்துகளைச் சரியாகக் கோக்கின்றன, ஐபஸ் வழியாகத் தமிழ்99 தட்டலாம். மேக்ஓஎஸ்ஸில் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துருவும், அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகளும் கூடவே வந்துவிடுகின்றன. சிக்கல் முனையத்தில். முனையம் என்பது சம அகலக் கட்டங்களின் வரிசை. 'க்' என்பதன் புள்ளிக்கு அகலம் பூஜ்யம் என்று கணக்கு. 'கா'வின் காலுக்கு ஒரு கட்டம். 'கொ' என்று வரும்போது கொம்பும் காலுமாக இரண்டு பக்கமும் விரிகிற குறிக்கும் ஒரே கட்டம்தான். மூன்று கட்டத்துக்கான எழுத்தை இரண்டில் திணிக்கிறது. கணக்கும் வடிவமும் ஒத்துப்போகாமல், சுட்டி ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று ஆகிவிடும். தமிழ்ப் பெயர் கொண்ட கோப்பை விம்மில் திருத்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு நூல் கோக்கும் வேலை. வரைகலை இல்லாத வெறும் லினக்ஸ் முனையத்திலோ 512 வடிவங்களுக்கு மேல் எழுத்துருவே கொள்ளாது. முனையத்தில்தான் வாழ்வேன் என்பவர் தமிழ்க் கோப்புகளுக்கு மட்டும் ஈமாக்ஸின் வரைகலைச் சாளரத்துக்குப் போவது உத்தமம். 2020-இல் வந்த 27-ஆம் பதிப்பிலிருந்து அதுவும் ஹார்ஃப்பஸ்ஸைப் பயன்படுத்துகிறது.

வன்பொருள் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அது விருப்பத்தைக் கேட்காது. மடிக்கணினியின் வைஃபை சில்லுக்கு டிரைவர் இல்லையென்றால் அங்கேயே கதை முடிந்தது. வேகமான வைஃபை தரங்களில் ஃப்ரீபிஎஸ்டி பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தது அதன் மேசைக் கணினி வாய்ப்பைக் கெடுத்தது. டெபியன் தன் கொள்கையின் பெயரால் மூடிய ஃபர்ம்வேர்களை நிறுவும் வட்டில் சேர்க்காமல் வைத்திருந்தது. புதிதாக வந்தவர்கள் வலையே இல்லாமல் திகைத்து நின்றார்கள். 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்து, டெபியன் 12 முதல் சேர்த்துவிட்டார்கள். கொள்கைக்காரர்கள் வருந்தினார்கள். நான் வருந்தவில்லை.

என் மேசை நிலவரம் கேட்டால்: வீட்டு வலையின் வாசலில் ஓபன்பிஎஸ்டி, ஏனென்றால் அதன் தீயரண் விதிகளை ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் எனக்கே புரிகிறது. சர்வரில் டெபியன். மடிக்கணினியில் ஃபெடோரா, புதிய வன்பொருளோடு சண்டையில்லாமல் ஓடுவதால். ஆர்ச்சில் இருக்கும் நண்பர் இதைக் கிழவர்களின் தேர்வு என்கிறார். அவர் வாரம்தோறும் அப்டேட் கொடுப்பதை ரசித்துச் செய்பவர். எனக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இருக்கிறது.